சிரிப்புக்கு எட்டுப் பக்கம்

12.10.93, செவ்வாய்

விடியத் தொடக்கம் மழை. பின் ரயருக்குப் போட்ட ஒட்டும் கழண்டு, புத்தூரிலையிருந்து பாதி வழி சைக்கிளை உருட்டினதுதான். பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர நனைஞ்ச கோழி.

முதலாளி அடுத்த பகுதி வேலை தந்தார். வெளிநாடு போற சனத்துக்கு இங்கிலீஸ் கைப்புத்தகம். கடை, ஆஸ்பத்திரி, எயார்போட் எல்லாம் முந்தியே எழுதிக் குடுத்திட்டன். இனிச் சந்தோசம், பொழுதுபோக்கு. எட்டுப் பக்கம். கொப்பித்தாளிலைதான் அடிக்கப்போறார், கோடு போட்ட தாள். வேறை தாள் வரத்து இல்லை.

"ஐசே, உமக்கு இது லேசான வேலை. ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து. ஹப்பி மகிழ்ச்சி, கிளாட் மகிழ்ச்சி, மெரி மகிழ்ச்சி. ஆளை விடும்."

"எல்லாம் ஒண்டெண்டால் என்னத்துக்கு அவன் இத்தினை சொல்லு வைச்சிருக்கிறான்?"

"அவனுக்குச் சந்தோசம் கூட. வைச்சிருக்கிறான். உமக்கென்ன?"

பகிடிக்குச் சொன்னாரோ மெய்யாய்ச் சொன்னாரோ தெரியேல்லை. கொழும்பிலை இங்கிலீஸ் பேப்பருக்குப் புறூவ் பாத்தவன் நான். எண்பத்திமூண்டுக் கலவரத்திலை ஒரு பையோடை கப்பலாலை வந்திறங்கி, இப்ப இந்தாளிட்டைப் பேச்சு வாங்கவேண்டிக் கிடக்கு. விதி.

வீட்டை வர பவளம் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைச்சிருந்தாள். பேய்ப்பசி. "என்ன அண்ணை, தோட்டத்துக் கிணத்துக்கை விழுந்து எழும்பி வாறியளோ?" எண்டு சிரிச்சாள். நெத்தியிலை பொட்டு, தலையிலை ஒரு நித்தியகல்யாணிப் பூ.

என்ரை ஒரே தங்கச்சி. அவளின்ரை புருசன் குணம் மாசியிலை கிளாலிக் கடலாலை வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போனவர். நடுக்கடலிலை நேவியின்ரை வெடி. மற்ற வள்ளங்கள் ஒவ்வொண்டாய்த் திரும்பினது, அவர் போன வள்ளம் திரும்பேல்லை. சில பேரின்ரை உடம்பு கரை ஒதுங்கினது. குணத்தின்ரை இல்லை. இப்ப ஐப்பசி.

13.10, புதன்

மழை விட்டிட்டுது. வெயிலும் இல்லை. மூடம்.

எழுதினது, வெட்டிக் கொத்தி:

ஹப்பி. எல்லாத்துக்கும் போடலாம், கறிக்கு உப்பு மாதிரி. பிறந்தநாள், வருசப்பிறப்பு, கலியாணம். ஆனால் கவனம். கொழும்பிலை எங்கடை துரை மெல்லிய குரலிலை "ஐ ஆம் நொட் ஹப்பி" எண்டு சொன்னால் அண்டைக்கு ஆரின்ரையோ வேலை போகுது. எங்கடை ஆக்கள் கத்துற இடத்திலை அவங்கள் இதைச் சொல்லுவாங்கள்.

மெரி. நத்தாருக்கு மட்டும். மிச்ச மாதமெல்லாம் அலுமாரிக்குள்ளை, கூறைச்சேலை மாதிரி.

ஜொலி. எங்கடை பெடியள் ஊர் சுத்தப் போறதை ஜொலி எண்டுவாங்கள். இங்கிலீஸ்காரன் தொந்தி வைச்ச நல்ல மனிசனைச் சொல்லுவான்.

கே. பழைய அகராதியிலை குதூகலம் எண்டு கிடக்கு. லண்டனிலையிருந்து வந்துநிக்கிற ஒருத்தர் அதை வெட்டச் சொன்னார். ஏனெண்டு கேட்க வெக்கப்பட்டுக்கொண்டு கூரையைப் பாத்தார். வெட்டியாச்சு.

கிளாட். இதுக்கு ஒரு சேதி வேணும். சேதி வந்தால், அதுக்காக, அந்த நேரத்துக்கு. சும்மா நிக்கிற மனிசனைக் கிளாட் மனிசன் எண்டு சொல்லேலாது.

வாசிச்சுப் பாக்கேக்கை பவளம் சுளகிலை அரிசி புடைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள்.

"உது எங்களுக்குச் சரிவராது அண்ணை. சேதிக்கு எங்கை போறது?"

சொல்லிப்போட்டுச் சிரிச்சாள். நான் பேனையைத் திறந்து மை இருக்கோ எண்டு பாத்தன்.

15.10, வெள்ளி

சிவம் வந்தவர், குணத்தின்ரை தமையன். வட்டுக்கோட்டையிலையிருந்து சைக்கிள் மிதிச்சு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு. தேத்தண்ணி குடுத்தால் வேண்டாமெண்டார். அப்பவே விளங்கிட்டுது, என்னவோ கதைக்க வந்திருக்கிறார் எண்டு.

தாய்மனிசி படுக்கையிலையாம். சாப்பாடு இறங்குதில்லையாம். ஒரே கதை: "என்ரை பிள்ளைக்கு ஒண்டும் செய்யாமல் விட்டிட்டியள். அவன் தண்ணிக்கை கிடந்து அலையிறான்." குருக்களிட்டைக் கேட்டதாம். உடம்பு கிடைக்காத ஆக்களுக்குத் தர்ப்பையாலை உருவம் கட்டி, அதையே பிரேதமாய் வைச்சு எல்லாக் கிரியையும் செய்யலாமாம். அதைக் கொண்டுபோய் எரிக்கிறதாம்.

"அம்மா கண் மூடமுதல் செய்யவேணும் அண்ணை. நீங்கள்தான் பவளத்திட்டைச் சொல்லவேணும்."

பவளம் குசினிக்குள்ளையிருந்து வெளியிலை வந்தாள்.

"அத்தான், அவர் திரும்பி வந்தால் உங்கடை புல்லுக்கட்டை ஆருக்குக் காட்டுறது? மாட்டுக்கோ?"

சிவம் முகம் கறுத்துப்போச்சு. "எங்கடை அம்மா சாகக் கிடக்கிறா. நீ சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய். மெய்யே பிள்ளை, உனக்கு மனமெண்டு ஒண்டு இல்லையோ?"

எழும்பிப் போயிட்டார். வாசல் படலையைச் சாத்தவுமில்லை.

16.10, சனி

விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்கேல்லை. ஒண்டும் எழுதேல்லை. பக்கத்து வளவுத் தங்கம்மாக்கா வேலிக்கு அங்காலை ஆருக்கோ சொன்னது காதிலை விழுந்தது: "புருசன் போய் எத்தினை மாசம். இவள் பூ வைச்சுக்கொண்டு பம்பலடிக்கிறாள். எங்கடை காலத்திலை எண்டால் கிணத்துக்கை குதிச்சிருப்பம்."

குதியுங்கோவன், ஆர் மறிச்சது.

17.10, ஞாயிறு

நல்ல வெயில். உடுப்புத் தோய்ச்சது. வேப்பம்பூ வடகம் காயப்போட்டது. பின்னேரம் ரெண்டு தரம் ஹெலி.

ஃபன். இதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். மகிழ்ச்சி இல்லை, சந்தோசமும் இல்லை. அது ஒரு ஆளுக்குள்ளை இருக்கிற சாமான் இல்லை, ரெண்டுபேருக்கு நடுவிலை நடக்கிறது. தமிழிலை தேடினன். பகிடி, பம்பல், முஸ்பாத்தி. முதலாளி முஸ்பாத்தி எண்டு அச்சிலை போடவே விடமாட்டார். "சந்தைப் பேச்சு ஐசே." எனக்கெண்டால் வேறை சொல்லு சரிவராது.

முஸ்பாத்தி எண்டால் குணம். மினிபஸ்ஸிலை கொண்டக்டராய் நிண்ட காலத்திலை பருத்தித்துறை றோட்டிலை அவரைத் தெரியாத ஆள் இல்லை. பஸ்ஸுக்குள்ளை கால் வைக்க இடமிருக்காது, சனம் வாசலிலை தொங்கும், இவர் கத்துவார்: "ஏறுங்கோ, ஏறுங்கோ! உள்ளுக்கை ஊஞ்சல் கட்டியிருக்கு, ஆடிக்கொண்டு போகலாம்!" பேசிக்கொண்டு ஏறினவையும் சிரிச்சுக்கொண்டுதான் இறங்குவினம். பொம்பிளை பாக்க வந்தண்டைக்கு எங்கடை வீட்டிலை பயித்தம் பணியாரத்தைக் கடிச்சுப்போட்டு, "மாமா, பொம்பிளை சம்மதம், பல்லுத்தான் சம்மதிக்குதில்லை" எண்டவர். எங்கடை ஐயாவுக்குக் கோவம் வந்தது. அறைக்குள்ளை பவளம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சது எனக்குக் கேட்டது. அண்டைக்கே முடிவாயிட்டுது.

இண்டைக்குக் கேட்டே விட்டன். உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தாள்.

"பவளம், நீ சிரிக்கிறது வெளிக்கோ, உள்ளுக்கும் உண்டோ?"

குணத்தின்ரை சாரத்தை மடிச்சாள். மாதத்துக்கு ஒருக்கால் அதையும் தோய்ச்சு மடிக்கிறவள்.

"உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு நான் பாக்கிறேல்லை அண்ணை. அவருக்கு அழுற பொம்பிளையளைப் பிடியாது. வரேக்கை நான் சிரிச்சுக்கொண்டு நிக்கவேணும். நான் நிப்பாட்டினால் அவர் செத்துப்போனார் எண்டு நானே சொன்ன மாதிரி."

கடவுளே. நான் இவ்வளவு நாளும் இவளுக்குக் கொஞ்சம் மூளை தட்டிட்டுது எண்டெல்லோ பயந்துகொண்டிருந்தனான்.

18.10, திங்கள்

பிரஸ். மை இல்லை எண்டு ரெண்டு மணித்தியாலம் சும்மா இருந்தது. அச்சுக்கோக்கிற கனகரிட்டை என்ஜோய் பற்றிக் கேட்டன். "என்ஜோய் எண்டால் மற்றவன் செய்யிறது மாஸ்டர்" எண்டார். "கனடாவிலை அவன் என்ஜோய் பண்ணுறான், கொழும்பிலை இவன் என்ஜோய் பண்ணுறான். நான் என்ஜோய் பண்ணுறன் எண்டு ஆரும் சொல்லிக் கேட்டியளோ?"

மெய்தான். எங்கடை வாயிலை அது ஒரு குற்றச்சாட்டு. இங்கிலீஸ்காரன் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைச்சுப்போட்டு என்ஜோய் எண்டுவான். வாழ்த்து. எழுதியாச்சு.

அமியூஸ். சின்னச் சிரிப்பு. வாயிலை பாதி, கண்ணிலை மீதி. முடிஞ்சுது.

டிலைட். புழுகம். இதுக்கு வேறை சொல்லு தேவையில்லை. குழந்தைப்பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டால் வருமே, அதுதான். முதலாளி வெட்டினால் வெட்டட்டும்.

19.10, செவ்வாய்

வட்டுக்கோட்டை போனது. பவளம்தான் "வாங்கோ அண்ணை, மாமியைப் பாத்துக்கொண்டு வருவம்" எண்டாள். கரியரிலை இருத்திக்கொண்டு போனன். மழைக்குக் குண்டும் குழியுமாய் றோட்டு, முதுகு முறிஞ்சுது. பின்னாலை இருந்துகொண்டு "அண்ணை, ஊஞ்சல் நல்லாய் ஆடுது" எண்டாள்.

மாமி கட்டிலிலை. எலும்பும் தோலும். பவளத்தைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினா.

"பொட்டைப் பார். என்ரை பிள்ளையைக் கடல் திண்டிட்டுது, இவளுக்குப் பொட்டும் பூவும்."

பவளம் கட்டில் விளிம்பிலை இருந்து காலைப் பிடிச்சுவிட்டாள். மனிசி இழுக்கப் பாத்தா, பெலன் இல்லை.

"மாமி, நீங்கள் அழுதனீங்களோ?"

"எப்பிடியடி அழுறது? பிரேதம் இல்லை, பறை இல்லை, ஒருத்தரும் வந்து என்னைக் கட்டிப்பிடிக்கேல்லை. நடு வீட்டிலை ஒண்டும் கிடத்தாமல் ஆரைப் பாத்து அழுறது? எட்டு மாசமாய் இஞ்சை நெஞ்சுக்கை நிக்குது. இறங்குதில்லை."

பவளம் கனநேரம் காலைப் பிடிச்சுக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பி வெளியிலை வந்து சிவத்திட்டைச் சொன்னாள்: "செய்யுங்கோ அத்தான். மாமி அழவேணும். ஆனால் என்ரை பொட்டிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. நான் மாமிக்காகத்தான் வந்து நிப்பன்."

சிவம் தலையாட்டினார். அந்தாளும் கண்ணைத் துடைச்சார்.

வரேக்கை வழி முழுக்க அவள் ஒரு பகிடியும் விடேல்லை. எனக்கு அது பயமாய் இருந்தது.

21.10, வியாழன்

சியர்ஃபுல். இதை எழுத மூண்டு தாள் கிழிச்சன். ஹப்பி எண்டால் உள்ளுக்கை இருக்கவேணும். சியர்ஃபுல் எண்டால் அப்பிடியில்லை. நோய்க்காரனும் சியர்ஃபுல்லாய் இருக்கலாம், சாகக் கிடக்கிறவனும் இருக்கலாம். மற்றவைக்காக முகத்திலை ஏத்தி வைக்கிற விளக்கு. எண்ணெய் எங்கையிருந்து வருதெண்டு அவன் சொல்லமாட்டான்.

சியர் அப். இதைச் சந்தோசமாய் இருக்கிறவனுக்குச் சொல்லுறேல்லை. அழுறவனுக்கு மட்டும். தமிழிலை நாங்கள் என்ன சொல்லுவம்? யோசிச்சுப் பாத்தால் ஒண்டும் சொல்லமாட்டம். பக்கத்திலை போய் இருப்பம். பொம்பிளையள் எண்டால் கட்டிப்பிடிச்சுத் தாங்களும் சேர்ந்து அழுவினம். இந்தச் சொல்லுக்குத் தமிழ் இல்லை எண்டே எழுதினன்.

22.10, வெள்ளி

சிவம் ஆள் அனுப்பினார். கிரியை ஞாயிற்றுக்கிழமையாம். வேட்டி, சால்வை எங்கடை பக்கத்தாலை கொண்டுபோகவேணுமாம். அலுமாரியிலை இருந்த கலியாணப் பட்டுவேட்டியைப் பவளம் எடுத்தாள், பிறகு திரும்ப வைச்சாள். "புல்லுக்கு இது காணும்" எண்டு சாதாரண வேட்டி ஒண்டை மடிச்சு வைச்சாள்.

24.10, ஞாயிறு. பின்னேரம் வந்து எழுதுறது

எழுதி வைக்கவேணும்.

காலமை போகப் பந்தல் போட்டிருந்தது. பறை. சனம் நல்லாய் வந்திருந்தது, அரைவாசிப்பேர் புதினம் பாக்க. நடு வீட்டிலை மரவாங்கு போட்டு அதிலை தர்ப்பை உருவம். கை ரெண்டு, கால் ரெண்டு, தலை எண்டு ஒரு முடிச்சு. வேட்டி கட்டி, சால்வை போத்தி, மாலை. குணம் நல்ல உயரம். இது ஒரு பத்து வயசுப் பிள்ளையின்ரை அளவுதான்.

மாமியைக் கதிரையிலை தூக்கிக்கொண்டு வந்து தலைமாட்டிலை இருத்தினவை. மனிசி அதைப் பாத்துக்கொண்டே இருந்தா. அழேல்லை. அழுறதுக்கு வந்த பொம்பிளையள் கொஞ்சம் ஒப்பாரி சொல்லிப் பாத்தினம், பிடிக்கேல்லை, நிப்பாட்டிச்சினம். ஆருக்கும் அழுகை வரேல்லை. புல்லுக்கட்டைப் பாத்து எப்பிடி வரும்?

குருக்கள் பாட, உரலிலை சுண்ணம் இடிச்சு முடிஞ்சுது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டினம். இனத்துப் பொம்பிளையள் ஒவ்வொருத்தராய்ப் போட்டினம், எங்கை போடுறதெண்டு தெரியாமல் தலைப்பக்கம் பொதுவாய்த் தூவிப்போட்டு வந்திச்சினம். கடைசியாய்ப் பவளம். கையிலை அரிசியோடை குனிஞ்சாள். குனிஞ்சபடியே நிண்டாள்.

"ஐயா, வாய் எது?"

குருக்கள் பாவம், திகைச்சுப்போனார். "இதிலை... இந்தப் பக்கம் பிள்ளை" எண்டு முடிச்சிலை விரலாலை ஒரு இடத்தைக் காட்டினார்.

பவளம் அந்த இடத்தைப் பாத்தாள். பாத்துப்போட்டுச் சிரிச்சாள். வாய்விட்டு, உரத்து.

"மாமி, பாருங்கோ, உங்கடை மோனுக்கு வாய் வைக்க மறந்துபோனினம். உலகத்திலை ஒருத்தராலையும் அடைக்கேலாத வாய். கடைசியிலை இந்த ஐயர் அடைச்சுப்போட்டார்!"

சனம் விறைச்சுப் போச்சு. ஆரோ "விசர் பிடிச்சிட்டுது" எண்டது கேட்டது. சிவம் எழும்பினார். நான் அவளைப் பிடிக்கப் போனன்.

அப்ப மாமி சிரிச்சா. பல்லில்லாத வாயாலை, ஒரு மாதிரி இருமல் போலை.

"ஓமடி. அவன் இருந்தால் இதைத்தானடி சொல்லியிருப்பான். உப்பிடியேதானடி சொல்லியிருப்பான்."

சொல்லச் சொல்ல அது அழுகையாய் மாறிச்சுது. "என்ரை ராசா" எண்டு தொடங்கினா. ஐயோ, அந்தக் குரல். பவளம் அரிசியைப் போட்டாள். போட்டுப்போட்டு மாமியின்ரை மடியிலை விழுந்தாள். எட்டு மாசத்திலை முதல்தரம். ரெண்டுபேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு கதறினதைப் பாத்துப் புதினம் பாக்க வந்த சனமும் அழுதுது. குருக்கள் சால்வையாலை முகத்தைத் துடைச்சார். நானும் அழுதன். குணம், மச்சான், உமக்காக நான் இண்டைக்குத்தான் அழுதன்.

குணத்துக்கு இளைய தம்பிக்காரன் கொள்ளி வைச்சான். தர்ப்பை, ஒரு நிமிசத்திலை எரிஞ்சு முடிஞ்சுது. விறகுதான் கனநேரம் எரிஞ்சது.

25.10, திங்கள்

காடாத்து. அள்ளின சாம்பல் ஒரு பிடி. அதிலை புல்லு எது விறகு எது எண்டு தெரியாது. வழக்கமாய்க் கரைக்கிற கீரிமலைக்குப் போகேலாது, அங்கை ஆமி. அராலிக் கடலிலை கரைச்சம். சிவம் முழங்கால் தண்ணியிலை நிண்டுகொண்டு, "இதுவும் கிளாலியும் ஒரே தண்ணிதானே அண்ணை" எண்டார். ஓம் எண்டன்.

மாமி ஒரு கோப்பை கஞ்சி குடிச்சாவாம்.

பவளம் மாமி வீட்டிலை தங்கேல்லை. என்னோடை வந்திட்டாள். மழை பிடிச்சுது.

26.10, செவ்வாய்

பிரஸ்ஸிலை எட்டுப் பக்கத்தையும் குடுத்தன். முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சார். முஸ்பாத்தியை வெட்டினார். புழுகத்தை வெட்டினார். சியர்ஃபுல்லுக்கு வந்து நிண்டார்.

"சாகக் கிடக்கிறவனும் சியர்ஃபுல்லோ? இதென்ன பேய்க்கதை ஐசே. வெளிநாடு போற சனத்துக்கு இதைப் படிச்சால் ஒண்டும் விளங்காது."

"வெட்டுங்கோ" எண்டன். சண்டை பிடிக்கப் பெலன் இல்லை. அவர் என்ரை முகத்தைப் பாத்தார். பேனையை மூடி வைச்சிட்டார். வெட்டேல்லை.

27.10, புதன்

தூறல். விடியப் பவளம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். முகம் கழுவியிருந்தாள். நெத்தியிலை ஒண்டும் இல்லை. ஒருத்தரும் கை வைக்கேல்லை, தானாய் அழிச்சிருக்கிறாள். நான் பாக்காத மாதிரிக் குடிச்சன். சீனி போட மறந்துபோனாள், அதையும் சொல்லேல்லை.

அப்ப ஆரோ படலையைத் தட்டினது. இவ்வளவு காலமும் ஒரு நாய் முட்டினாலும் நான் எழும்பமுதல் ஓடுறவள் அவள். இண்டைக்கு இருந்த இடத்தை விட்டு அசையேல்லை.

"நீங்கள் போய்ப் பாருங்கோ அண்ணை. அது வேறை ஆரோதான்."